போனுக்கு ஒரு சன்ஸ்க்ரீன்

மதுரையில் அந்த ஃபேன்ஸி ஸ்டோர் இருந்த கட்டடமே பத்மாசனி மேடத்துடையது. அவர் உள்ளே நுழைந்தால் மேனேஜரே எழுந்து நிற்பார். போன வாரம் சன்ஸ்க்ரீன் கேட்டு வந்த அவரிடம், "உங்களுக்கு எண்ணெய்ச் சருமம் மேடம்" என்று சொன்ன பெண்ணுக்கு அன்றைக்கே வேலை போயிற்று.

இன்று மேடம் மறுபடி வந்தபோது கவுண்டரில் நின்றவள் பேச்சியம்மா.

"என் சருமத்துக்குச் சரியான சன்ஸ்க்ரீன் எடு. ஆனா என் மூஞ்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தப்பா எடுத்தே, நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!"

"பேசவே மாட்டேன் மேடம். உங்க போனை மட்டும் காட்டுங்க."

கடைக்குள் வரும்வரை கன்னத்தோடு அழுத்திப் பேசிக்கொண்டிருந்த போனை மேடம் நீட்டினார். அதன் கண்ணாடி அப்பளம் பொரித்த சட்டி மாதிரி மினுமினுத்தது.

"அடடா, உங்க போனுக்கு எண்ணெய் வடியுதே மேடம்! அதுக்குப் பிசுபிசுக்காத ஜெல்தான் சரிப்படும்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் போனைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார்.

"சரி, போனுக்கு ஒண்ணு கொடு."

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "போனுக்கு எப்படிப் பூசணும்?"

"வெயில்ல கிளம்பும்போது உங்க கன்னத்துல பூசுங்க மேடம். போன் பிழைச்சுக்கும்."