கோடை முகாமும் பூனை வாலும்

பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது பூவாத்தாள் அம்மையாரின் மடம். அவரைவிட வயதில் மூத்த சீடர்கள்தான் அங்கே அதிகம். அவர்களில் ஒருவர் நாச்சிமுத்து, பெயின்ட் கடைக்காரர். பங்குனியில் ஒரு நாள் காலையிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, கடையில ஏதாச்சும் பிரச்சினையா?"

"கடை கெடக்குதுங்கம்மா. எம் பொண்ணு நிவிதாவுக்குக் கோடை லீவுல ஓவிய முகாம் பாக்கறேன். அங்கயே தங்கிக் கத்துக்கற முகாம். எதுல சேக்கறதுன்னே தெரியலைங்க."

மாப்பிள்ளை பார்ப்பவர்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். சாப்பாடு எப்படி, வாத்தியார் யார், போன வருஷம் போன பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"பொண்ணு என்ன வரையும்?" என்றார் அம்மையார்.

நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது.

"இப்ப ஒண்ணும் வரையறதில்லைங்க. ஒன்பதாவது படிக்கிற புள்ள, முன்னயெல்லாம் சோறு தண்ணி இல்லாம வரையும். போட்டிக்கு ஒரு காங்கேயம் காளை வரைஞ்சுது. கொம்பு மட்டும் சரியா அமையலை. அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் நானே சரி பண்ணி அனுப்பி வச்சேன். முதல் பரிசுங்க! அதுக்கப்புறம் பென்சிலைத் தொடவே இல்லை. ஒரேயடியா விட்டுருவாளோன்னு பயமா இருக்குதுங்கம்மா."

அம்மையார் உள்ளே போய் ஒரு தாளும் பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்தார்.

"அங்க பூனை படுத்திருக்குது பாருங்க. அதை வரைங்க."

"நானா? எனக்கெதுக்குங்க?"

"வரைங்க."

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். காது வந்தது, முதுகு வந்தது. செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. வால் மட்டும் முருங்கைக்காய் போல வந்தது. அவருக்கு அதுவே பிடித்திருந்தது.

அம்மையார் குனிந்து பென்சிலை வாங்கினார். அந்த வாலை அழித்துவிட்டு ஒரே இழுப்பில் வேறொரு வால் போட்டார். அசல் பூனை வால்.

"இப்ப சரியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப மீசையை வரைங்க."

நாச்சிமுத்து பென்சிலை வாங்கவில்லை.

"இல்லைங்கம்மா, நீங்களே முடிச்சிருங்க."

சொன்னவருக்கே அது சுரீரென்று தைத்தது. பரிசுக் கோப்பையை நீட்டியபோது நிவிதாவும் இப்படித்தான், 'நீங்களே வச்சுக்குங்கப்பா' என்றாள். அதைப் பாசம் என்று நினைத்துக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்திருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மையார் கேட்டார்.

"பெத்தவங்க நடுவுல வந்து பாக்கக்கூடாதுன்னு சொல்ற முகாம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஏற்காட்டுல ஒண்ணு இருக்குதுங்க. வரைஞ்சதை வீட்டுல காட்டணும்னுகூடக் கட்டாயமில்லையாம். அது சரிப்படாதுன்னு அப்பவே தள்ளிட்டேன். அவதான், போனா அங்கதான் போவேன்னு ஒரே அடம்."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடம் பிடிக்குதுங்களா? அப்ப ஒண்ணும் கெட்டுப் போகலைங்க. கொண்டுபோய் விட்டுட்டு, வாசல்ல நிக்காம அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துருங்க."