தளவாயின் வலது கன்னம்

கீழச்சுண்டங்குளத்தில் முட்டாள்கள் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு புத்திசாலிகளும் இருந்தால்தானே அதிகம், குறைச்சல் என்று பிரித்துச் சொல்ல முடியும்?

அந்த ஊரின் பொறுக்கியெடுத்த ஆட்கள் சேர்ந்து நடத்துவது இளஞ்சிங்கங்கள் மன்றம். சிங்கங்களில் இளையவருக்கே பேரன் இருக்கிறான். தலைவர் குத்தாலம், செயலாளர் பூலுடையார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நடக்கும் பலூன் சுடும் போட்டியில் மன்றத்துக்காக ஏர்கன் பிடிப்பவன் தளவாய்.

தளவாய்க்கு இருந்தது ஒரே குறை, அது மச்சான் வடிவத்தில் இருந்தது. அவன் மனைவி உலகம்மையின் அண்ணன் இசக்கிப்பாண்டி பக்கத்து ஊரான மேலச்சுண்டங்குளத்துக்காகச் சுடுகிறவன். வருஷா வருஷம் பலூன்களை உடைத்துத் தள்ளிவிட்டு, பரிசுக் கிடாவை இழுத்துக்கொண்டு, வேறு வழி இருந்தும் தளவாய் வீட்டு வாசல் வழியாகத்தான் போவான். "ஒரு பலூன உடைக்கத் துப்பில்லாத பயலுக்கா எந் தங்கச்சியக் கட்டிக் குடுத்தோம்?" என்று கிடாவிடம் கேட்பான். கிடாவும் 'மே' என்று ஆமோதிக்கும். இந்த வருஷமாவது அந்த வாயை அடைத்துவிட வேண்டும் என்று தளவாய் துடியாய்த் துடித்தான்.

அதற்காக மன்றம் கூடி, ஏர்கன்னுக்கு மேலே ஒரு ஸ்கோப் மாட்டுவது என்று தீர்மானம் போட்டது. தூரத்துப் பலூனைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடிக் குழல் அது. மூவரும் டவுனுக்கு பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. "ஸ்கோப்பத் தூக்கிப் பிடிக்க வளையம் வேணும். தாழ்வு, நடுத்தரம், உயரம்னு மூணு தினுசு இருக்கு. துப்பாக்கிக் குழாயில இடிக்காம இருந்தாப் போதும். மத்தபடி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது" என்றார்.

குத்தாலத்துக்கு மீசை துடித்தது. "மேலச்சுண்டங்குளத்துக்காரன் முன்னால எங்கள தாழ்ந்து போகச் சொல்லுதீரா? இருக்கதுலயே உயரமானத எடும்வே!"

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். "கன்னத்தத் துப்பாக்கியோட பின்கட்டையில பதிச்சு வச்சா, கண்ணு தானா கண்ணாடிக்கு நேரா வந்துரணும். அதான் சரியான உயரம். தலையத் தூக்கிப் பாக்கக் கூடாது" என்றும் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

மறுநாள் குளத்தங்கரையில் ஒரு தகர டப்பாவை வைத்துப் பயிற்சி ஆரம்பித்தார்கள். தளவாய் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்தான். ஸ்கோப் அவன் புருவத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது. கண்ணுக்கு எதிரே வளையத்தின் கால்தான் தெரிந்தது.

"கண்ணு வந்துட்டாடே?" என்று குத்தாலம் கேட்டார்.

"இன்னும் வரல, அண்ணாச்சி."

"அவசரப்படாத. தானா வரும்னுதான சொன்னாரு."

"தலைய லேசாத் தூக்கட்டுமா?"

"தூக்குனா நீ போனதா ஆயிரும். அது வரணும்."

காத்திருந்தார்கள். கட்டையின் வரி கன்னத்தில் பதிந்தது. எறும்பு காதுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கண் மட்டும் பிறந்த இடத்திலேயே இருந்தது.

பூலுடையார் படித்தவர், அதாவது பள்ளிக்கூடத்துக்குப் போனவர். "கண்ணாடி உயரத்துல இருக்கு. அப்ப ஆளையும் உயரத்துல ஏத்தணும்" என்றார். ஸ்டூல் வந்தது. தளவாய் துப்பாக்கியோடு ஏறி நின்று கன்னத்தை வைத்தான். ஸ்கோப்பும் கூடவே ஏறியிருந்தது. ஸ்டூலுக்கு மேல் முக்காலியைப் போட்டார்கள். அப்போதும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

"நாம ஏற ஏற அதுவும் ஏறுது பாத்தீரா!" என்று குத்தாலம் வியந்துபோனார். "உயர்ந்த சாமான்னா சும்மாவா!"

அந்த வாரமே தளவாய்க்கு வலது கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கியது. முனகிக்கொண்டே பயிற்சிக்கு வந்தவன் கன்னத்தைக் கட்டையில் வைத்தான். வீங்கிய கன்னம் முகத்தை மேலே தூக்க, "வந்துட்டு அண்ணாச்சி! கண்ணு தானா வந்துட்டு!" என்று அலறினான். சுட்டான். டப்பா பறந்து குளத்தில் விழுந்தது.

மன்றம் அவசரமாகக் கூடியது. கொடை முடியும்வரை தளவாய் பல் டாக்டரிடம் போகக்கூடாது, கிராம்பு கடிக்கக்கூடாது, உப்புத்தண்ணீர் கொப்பளிக்கக்கூடாது என்று முடிவானது. தினமும் சாயங்காலம் குத்தாலம் வந்து, கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி கன்னத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். தளவாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பல்லப் பிடுங்கித் தொலைங்க. நீங்க முனகுத முனகலுக்கு வீட்டுல ஒருத்தரும் தூங்க முடியல" என்றாள் உலகம்மை.

"இது பல்லு வலி இல்லடி. உங்க அண்ணனுக்கு நான் வச்சிருக்க பதிலு."

"அந்தப் பதிலுக்குக் கஞ்சி குடிக்கவாச்சும் வாயத் தெறக்க முடியுதா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கொடையன்று காலையில் எழுந்து தடவிப் பார்த்தால், வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது. வலியும் இல்லை. தளவாய் குழந்தை மாதிரி அழுதான்.

கோயில் திடலில் வைத்துச் சிங்கங்கள் யோசித்தன. அடித்தால் கன்னம் வீங்கும் என்று பூலுடையார் கண்டுபிடித்தார். குத்தாலம் அறைந்தார், அவர் கை வீங்கியது. பூலுடையார் அறைந்தார், மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது, அவருடையது.

கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த இசக்கிப்பாண்டி பக்கத்தில் வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "நான் வேணா அடிக்கட்டுமா? கல்யாணத்தன்னையிலருந்தே கை ஊறுது" என்றான்.

எதிரணிக்காரனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று குத்தாலம் கைகூப்பி நன்றி சொன்னார். இசக்கிப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அறை விட்டான். திடலே திரும்பிப் பார்த்தது. கன்னம் பொங்கியது, கூடவே வலது கண்ணும் மூடிக்கொண்டது.

"ஒரு கண்ணு மூடிட்டே அண்ணாச்சி!"

"நல்லதுதாம்ல. குறி பாக்கையில ஒரு கண்ண மூடத்தான செய்யணும்?"

தளவாய் எப்போதும் மூடுவது இடது கண்ணை. பழக்கதோஷத்தில் அதையும் மூடிக்கொண்டு சுட்டான். பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலையில் ஒரு பழம் போயிற்று. இசக்கிப்பாண்டி ஸ்கோப்பே இல்லாமல் எல்லாப் பலூனையும் உடைத்துக் கிடாவை வாங்கிக்கொண்டான்.

போகும்போது அவனுக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. எப்படியும் தங்கச்சி புருஷன். தளவாயின் துப்பாக்கியிலிருந்து உயர்ந்த வளையத்தைக் கழற்றி, தன் துப்பாக்கிப் பையில் சும்மா கிடந்த தாழ்ந்த வளையத்தை மாட்டிக் கொடுத்தான். "இனிமேயாவது பொழச்சிக்கோங்க மாப்ள. அடுத்த வருசம் எனக்குப் போட்டின்னு ஒரு ஆளு வேணும்லா?"

தளவாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. அங்கேயே கன்னத்தைக் கட்டையில் வைத்துப் பார்த்தான். அறை வாங்கிய கன்னம் முகத்தைத் தூக்கிப் பிடிக்க, ஸ்கோப் இப்போது மூக்குக்கு நேராகக் கிடந்தது.

"கண்ணு கண்ணாடியத் தாண்டிப் போயிட்டு அண்ணாச்சி!"

"அப்ப கன்னத்த எறக்கணும்" என்றார் குத்தாலம். வீக்கம் தானாக வடியும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மூவரும் துப்பாக்கியோடு பல் டாக்டர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் துப்பாக்கியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்து, "இதானே? எடுத்துரலாம்" என்று குறடைக் கையில் எடுத்தார்.

குத்தாலம் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அதத் தொட்டுராதீங்கம்மா! என்னைக்காவது மறுபடி உயர்ந்த வளையம் மாட்டுனா, வீங்கதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. சுத்தி இருக்க நல்ல பல்லாப் பாத்துப் பிடுங்குங்க. ஒவ்வொண்ணு பிடுங்குன பொறவும் கன்னம் எம்புட்டு எறங்குதுன்னு துப்பாக்கிய வச்சுப் பாத்துக்கிடுதோம்."

அடுத்த வருஷத்துக் கிடாவை மனக்கண்ணில் பார்த்துவிட்ட தளவாய், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.