முதுகில் போட்ட கையெழுத்து

பாங்கில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் பார்த்தவர் வரதராஜுலு. செக்கைப் பார்ப்பார். மாதிரி அட்டையைப் பார்ப்பார். ஒத்துப்போனால் பாஸ். போகாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு தடவைகூட ஏமாந்தது கிடையாது. அவரே சொல்லுவார்.

ரிட்டயர் ஆனதும் மதுரையில் ரெஜினாவிடம் போய்ச் சேர்ந்தார். கோர்ட்டுக் கேஸ்களுக்குக் கையெழுத்து ஆராய்ந்து சொல்கிற அம்மாள். அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். இவர் மேடம் என்பார், அந்த அம்மாள் சார் என்பார். யார் யாரிடம் கற்க வந்தது என்பதில் குழப்பம் இல்லை.

முதல் நாளே கேட்டார். "எது அசல், எது போலின்னு எப்படி மேடம் சொல்றது?"

"அதுதான் உங்களுக்குத் தெரியுமே சார்" என்றார் ரெஜினா. வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நடிகர் மாறவர்மனுக்கு நூற்றாண்டு வந்தது. ரசிகர் மன்றத்தார் கண்காட்சி வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்திருந்த அவர் கையெழுத்துகளை வாங்கி, அசலா என்று பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினார்கள். நாற்பத்தொன்று. ரெஜினா சாட்சி சொல்ல நெல்லைக்குப் போயிருந்தார். வரதராஜுலு தனியாகப் பார்த்தார். நாற்பதை அசல் என்று விட்டார். ஒன்றை விடவில்லை. ரோஸ் நிற சினிமா நோட்டீஸின் பின்பக்கம் போட்டது. அதற்கு ஒரு துண்டுச் சீட்டில், சிவப்பு மையில், 'போலி' என்று எழுதிக் குத்தினார். ஒரு நிமிஷ வேலை.

அடுத்த திங்கட்கிழமை, ரெஜினா ஊர் திரும்பிய பிறகு, ஒரு பெண்பிள்ளை படியேறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேஜைமேல் நோட்டீஸை வைத்தாள், சீட்டோடு.

"சிவப்பு மையில எழுதுன மகராசன் யாரு?"

"நான்தான்" என்றார் வரதராஜுலு.

"எம்பேரு விருமாயி. இது எங்கய்யாவோடது. உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சுன்னா எல்லாருக்கும் தெரியும். அம்பது வருசமா இதைச் செவுத்துல மாட்டிக் கதை சொன்ன மனுசன். இப்ப டீக்கடைக்குப் போனா 'வாய்யா போலி'ங்கறானுக. நாலு நாளாச் சோறு எறங்கல."

"நான் என்னம்மா பண்றது? உள்ளதைத்தானே சொன்னேன்."

"அவனுக பேசுறதுகூடப் பரவால்ல. நேத்து எங்கிட்டக் கேக்குறாரு. 'ஏத்தா, நான் குனிஞ்சுல்ல இருந்தேன். போட்டது அவருதானான்னு கண்ணால பாக்கலையே'ங்கறாரு. அவருக்கே சந்தேகம் வந்துருச்சு சார்."

அதுவரை தலை நிமிராத ரெஜினா நிமிர்ந்தார். "எதுக்குக் குனிஞ்சாரு?"

"வைகை அணையில சூட்டிங்கு. ஜீப்புல ஏறப்போனவரு பேனாவை எடுத்துட்டாரு, வச்செழுத எடமில்ல. எங்கய்யா குனிஞ்சு, 'எம்முதுகுல வச்சுப் போடுங்கண்ணே'ன்னாரு."

ரெஜினா திரும்பினார். "இதைக் கேட்டீங்களா சார்?"

"கையெழுத்தைப் பார்க்கத்தானே மேடம் கொடுத்தாங்க? கதை கேக்கச் சொல்லலையே." வரதராஜுலு நடிகரின் மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "பாருங்க. இதுல கோடு வழுவழுன்னு போகுது. அதுல நடுவுல எகிறுது. வால் கோணல். பாங்கா இருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

"குனியுங்க சார்."

"என்னது?"

"குனியுங்க."

விருமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தாறு வருஷ ஆபீசர் முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். ரெஜினா அவர் முதுகில் ஒரு தாளை வைத்துத் தன் பெயரைப் போட்டார்.

"எங்க தடுக்குச்சு?"

"சட்டைத் தையல்ல ஒரு தடவை. அப்புறம் எலும்புல."

"கண்ணால பார்த்தீங்களா?"

"முதுகுக்குத் தெரியுதே மேடம்."

நிமிர்ந்ததும் தாளைக் கையில் கொடுத்தார் ரெஜினா. இரண்டு இடத்தில் எகிறியிருந்தது. வால் கோணல். மேஜைமேல் ரெஜினாவின் ரிப்போர்ட் கிடந்தது. அதில் உள்ள கையெழுத்தோடு ஒட்டவே இல்லை.

வரதராஜுலு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். லேசில் விடுகிற ஆள் இல்லை. "சரி. முதுகுல போட்டதுன்னே வச்சுக்குவோம். கூட்டத்துல வேற எவனாவது போட்டிருந்தா?"

ரெஜினா லென்ஸைத் தள்ளினார். "எகிறின பிறகு கோடு என்ன பண்ணுது?"

பார்த்தார். "நிக்கலை. அது பாட்டுக்குப் போகுது."

"அடுத்தவன் பேரைப் போடுறவனுக்கு எகிறினா?"

இது அவருக்குத் தெரியும். எத்தனை செக்கில் பார்த்திருக்கிறார்! "பயந்து நிப்பான். திரும்ப வந்து தொட்டுச் சரி பண்ணுவான்."

"பண்ணியிருக்கா?"

வெகுநேரம் பார்த்தார். "இல்லை."

ரெஜினா விருமாயியிடம் சொன்னார். "அப்பாவுக்குப் போன் போடும்மா. ஸ்பீக்கர்ல."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒச்சு எடுத்தார். குரலில் சத்து இல்லை.

"பெரியவரே, பேனா உங்க முதுகுல எப்படிப் போச்சு, ஞாபகம் இருக்கா?" என்றார் ரெஜினா.

"மறப்பனா தாயி? மொதல் ரெண்டெழுத்து நல்லாப் போச்சு. அப்புறம் நடு எலும்புல ஏறி எறங்குச்சு. கடைசி இழுப்பு விலாவுல சறுக்குச்சு. கூச்சத்துல நெளிஞ்சுட்டேன். 'ஆடாதய்யா'ன்னாரு."

வரதராஜுலுவின் லென்ஸ் முதல் இரண்டு எழுத்தைத் தாண்டி, நடுவில் நின்றது. பிறகு வாலுக்குப் போனது.

"யார் சொன்னது, 'ஆடாதய்யா'ன்னு?" ரெஜினா விடவில்லை.

"போட்டவருதான்."

"யார் குரல் அது?"

விருமாயி, "அய்யா, அய்யா" என்றாள்.

"அடியாத்தீ" என்றார் கிழவர். குரல் மாறியிருந்தது. "தேட்டர்ல நான் கேக்காத குரலா? அவரு குரலுல்ல அது! இத்தனை நாளும் இதை ஒருத்தனும் கேக்கலையே தாயி!"

வரதராஜுலு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. "பெரியவரே, அது அசல். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்க யாரு?"

"சிவப்பு மை."

"ஓகோ. அப்ப எழுதிக் குடுங்க. வாயால சொன்னா டீக்கடைக்காரன் நம்ப மாட்டான். ஏத்தா விருமாயி, ரசத்தை எங்க வச்சிருக்க?"

விருமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பு மேலதான்யா இருக்கு" என்றாள்.

வரதராஜுலு உட்கார்ந்து எழுதினார். 'முன்பு நான் எழுதிக் கொடுத்தது தவறு.' இந்த வரியை ஆயுசில் எழுதியதில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டார். நடுவில் பேனா எகிறியது. கடைசிச் சுழி பாதியில் அறுந்து நின்றது. முப்பத்தாறு வருஷம் அச்சடித்த மாதிரி விழுந்த கையெழுத்து. இதை ஒரு செக்கில் பார்த்திருந்தால் அவரே விரட்டியிருப்பார்.

"என்ன மேடம், என்னோடது மாதிரியே இல்லையே" என்றார். அறுந்த சுழியைச் சேர்த்துவிடலாம் என்று பேனாவை மறுபடி கொண்டுபோனார்.

"அதைத் தொட்டீங்கன்னா, சிவப்பு மையில நான் எழுத வேண்டிவரும் சார்" என்றார் ரெஜினா.