மதியம் ஒரு மணிக்கு வாங்க

சிக்கன் பக்கோடா கடை முதலாளி மாசிலாமணிக்குத் தொந்தி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். கடை எண்ணெயோ தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. தட்டு கழுவும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"வாசல் போர்டுல ஒரு வரி எழுது. ஜனம் மொய்க்கணும். பொய் இருந்தா ஆபீசர் அபராதம் போடுவார். எண்ணெயைப் பத்தி மூச்சு விடக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போ."

செங்கமலம் எழுதினாள்: "எங்கள் முதலாளி என்ன சாப்பிடுகிறார்? மதியம் ஒரு மணிக்கு வந்து பாருங்கள்."

தன்னைப் பற்றிய போர்டு என்றதும் முதலாளி பூரித்துப்போனார்.

ஒரு மணிக்குத் தெருவே கூடிவிட்டது. வழக்கம்போல அவர் வீட்டு டிபன் கேரியர் வந்தது. திறந்தால் கீரை மசியல், மிளகு ரசம்.

"பக்கோடா சாப்பிடலையாண்ணே?" என்றான் ஒருவன்.

"ஐயோ, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்!"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

"என்னடி செஞ்சு வச்சிருக்கே?" என்று கத்தினார்.

"நான் மூச்சே விடலையே முதலாளி, வாயை விட்டது நீங்கதானே!"