பொறியில் கால் வைத்த வெள்ளைக் கீரி

மேகங்கள் மலையிலிருந்து இறங்கித் தெருவில் நடந்து திரிந்த முன்னொரு காலத்தில், வெண்கோடு என்றொரு நாடு இருந்தது. சிறியவர்கள் சற்று முன்னால் வந்து அமருங்கள். பெரியவர்கள் பின்னால் அமர்ந்து, கேட்காதவர்களைப் போலக் கேளுங்கள்.

வெண்கோட்டில் ஆறு மாதம் வெயில். ஆறு மாதம் உறைபனி. பனிக்காலம் வந்ததும் அந்நாட்டு வேட்டுவர்கள் காட்டுக்குள் சென்று பொறி வைப்பார்கள். அடர்ந்த மயிருள்ள விலங்குகளைப் பிடித்து, அவற்றின் தோலால் மேலாடை தைப்பார்கள். அவ்வேட்டுவர்களுள் சிறந்தவன் சாத்தன். அவனுக்கு ஒரே தங்கை. அவள் பெயர் தும்பை. தாயும் தந்தையும் இல்லாத அவ்வீட்டில், அண்ணனுக்குத் தங்கையும் தங்கைக்கு அண்ணனுமே உறவு.

அந்நாட்டு இளவரசன் அந்துவன் ஒரு பனிக்காலத்தில் வேட்டைக்குச் சென்றவன் திரும்பவில்லை. அரசர் அழுதார், நாடு அழுதது, அரண்மனை மாயக்காரன் கருவாயன் எல்லாரையும்விட உரக்க அழுதான். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, "அரசே! உறைகானத்தில் கன்றுக்குட்டி அளவுள்ள வெள்ளைக் கீரி ஒன்று திரிகிறது. அதன் தோலை அரியணையில் விரித்தால் உங்கள் மகன் வருவான்" என்றான்.

அரசர் சாத்தனை அனுப்பினார். சாத்தன் போனான், பொறி வைத்தான், வெறுங்கையோடு திரும்பினான். அடுத்த பனிக்காலத்தில் போனான், பொறி வைத்தான், வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாம் பனிக்காலத்திலும் அவ்வாறே ஆயிற்று.

"மூன்று முறையும் இவனுடைய பொறிகள் விழுந்து கிடந்தனவாம், கீரி மட்டும் இல்லையாம்! யாரிடம் ஐயா கதை விடுகிறான்? தோலை அயல்நாட்டில் விற்றுவிட்டான்" என்றான் கருவாயன்.

அரசர் சினந்தார். சாத்தன் சிறைக்குப் போனான். வேனில் பிறப்பதற்குள் வெள்ளைத் தோல் வராவிட்டால் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் சிறை என்று முரசறைந்தார்கள்.

முரசின் ஒலி அடங்குமுன்னே தும்பை சிறை வாயிலில் நின்றாள்.

"அண்ணா, நான் போகிறேன்."

"எங்கே, சந்தைக்கா?"

"உறைகானத்துக்கு."

சாத்தன் கம்பிகளைப் பற்றிக்கொண்டு சிரித்தான். "பொறி வைப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நீ அடுப்புப் பற்றவைக்கும் அழகை ஊரே அறியும், தும்பை! சிக்கிமுக்கிக் கல்லை நீ தட்டினால், பஞ்சைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தீத்துளி விழும். பக்கத்து வீட்டு ஆட்டின் வால் கருகியதை மறந்துவிட்டாயா?"

"அந்த ஆடு ஏன் குறுக்கே வந்தது?"

"அது கொட்டிலில் கட்டிக் கிடந்தது!"

தும்பையும் சிரித்துவிட்டாள். பிறகு இருவருடைய சிரிப்பும் ஒன்றாக நின்றது. சாத்தன் குரலைத் தாழ்த்தி, "வெறுங்கையோடு வந்தாலும் வா. வராமல் மட்டும் இருந்துவிடாதே" என்றான்.

"தனியாகப் போகிறேன், வெறுங்கையோடு திரும்பமாட்டேன்" என்றாள் தும்பை.

முதுகில் மூட்டை, மூட்டையில் தினைமாவும் தேனும், இடையில் கத்தி, மடியில் சிக்கிமுக்கிக் கல். இவற்றுடன் தும்பை உறைகானத்துக்குள் நுழைந்தாள். ஆகா, எப்பேர்ப்பட்ட காடு அது! அருவி விழுந்தபடியே உறைந்து நின்றது. மரங்கள் வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தன. மூச்சு விட்டால் அதுவும் சிறு மேகமாகிக் கூடவே நடந்தது. அஞ்சவேண்டிய இடத்தில் அவளுக்கு மகிழ்ச்சி பொங்கியது. யாரும் மிதிக்காத பனியில் முதல் அடியை வைப்பது அவ்வளவு இனிதாயிருந்தது.

கிளைகளை வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து, தரையில் தழை பரப்பி, ஒரு குடில் அமைத்தாள். பிறகு குடிலின் வாயிலில் அமர்ந்து கல்லைத் தட்டினாள். தீத்துளி பனியில் விழுந்தது; தட்டினாள்; தலைமயிரில் விழுந்தது; தட்டினாள்; கம்பளியில் விழுந்து துளையிட்டது. ஒருவழியாகப் பஞ்சும் பற்றியது.

அன்று மாலையே வளைந்த மூங்கிலில் சுருக்குப் பொறி ஒன்றை மாட்டினாள். கால் பட்டால் மூங்கில் நிமிரும். அகப்பட்டது தலைகீழாகத் தொங்கும். விடிந்ததும் ஓடிப் பார்த்தாள். மூங்கில் நிமிர்ந்திருந்தது, சுருக்கில் வெள்ளை மயிர் ஒரு கொத்து இருந்தது, கீரி இல்லை.

"தனியாக வந்தேன், வெறுங்கையோடு திரும்பமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு சுருக்கை மறுபடி மாட்டினாள். அதனருகே ஆழமாகக் குழிப் பொறி ஒன்றையும் தோண்டித் தழையால் மூடினாள். மறுநாள் விடிந்ததும் ஓடினாள். தழை விழுந்திருந்தது, குழியில் நகக்கீறல் இருந்தது, கீரி இல்லை. மாலையில் கம்பளியில் இரண்டாவது துளையும் விழுந்திருந்தது.

"தனியாக வந்தேன், வெறுங்கையோடு திரும்பமாட்டேன்" என்று குழியை மறுபடி மூடிவிட்டு, பலகைபோன்ற பெரிய கல்லை ஒரு குச்சியின்மீது சாய்த்து நிறுத்திக் கல்பொறி வைத்தாள். குச்சியில் தேனைத் தடவினாள். இம்முறை விடியும்முன்னே எழுந்து புதருக்குள் மறைந்துகொண்டாள்.

கிழக்கு வெளுத்தது. பனி மின்னியது. அதோ வந்தது வெள்ளைக் கீரி! கன்றுக்குட்டி அளவு, நிலவை நெய்ததுபோன்ற மயிர். தும்பை மூச்சை அடக்கினாள். கீரி கல்பொறியைச் சுற்றி வந்தது. தேனைத் தொடவில்லை. பொறிக்கு நேராக அமர்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, முன்காலை நீட்டிக் குச்சியை வேண்டுமென்றே தட்டிவிட்டது!

தடால் என்று விழுந்தது கல். கீரி ஒருகணம் அசையாமல் கிடந்தது. பிறகு கல்லைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, தன் உடம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "சே! இதுவும் இல்லையா?" என்று சலித்துக்கொண்டது.

"பேசுகிறதே!" என்று கத்தியபடி தும்பை புதரிலிருந்து எழுந்தாள்.

"ஆளிருக்கிறதே!" என்று கீரியும் கத்தியது.

தும்பை கத்தியை உருவினாள். "கீரியாரே, மன்னியுங்கள். உங்கள் தோலைக் கொண்டுபோனால்தான் என் அண்ணன் சிறையிலிருந்து வருவார்."

"தோல்தானே? எனக்கும் அது வேண்டாம்!" என்றது கீரி. "கத்தியால் எடுத்தால் தோல் வரும், நான் வரமாட்டேன். வேறு வழி தெரிந்தால் சொல், இப்போதே கழற்றித் தருகிறேன். நான் கீரியில்லை, பெண்ணே, இளவரசன் அந்துவன். அரியணைக்கு ஆசைப்பட்ட கருவாயன் என்னை இப்படி ஆக்கினான். மந்திரம் போட்டவன் அதற்கு மாற்றையும் சொல்லியாக வேண்டும் என்பது மாயக்காரர்களின் விதி. அதனால் சொன்னான்: 'பொறி பட்டாலன்றி இத்தோல் கழலாது.' அன்றுமுதல் இக்காட்டில் எவன் பொறி வைத்தாலும் போய்க் காலை வைக்கிறேன். சுருக்கில் தொங்கினேன், குழியில் விழுந்தேன், கல்லடியில் கிடந்தேன். மாயத்தோல் மட்டும் கழலவில்லை."

"என் அண்ணன் வைத்த பொறிகளிலுமா?"

"அவைதாம் மிக வலித்தவை."

தும்பை கத்தியை உறையில் செருகினாள். செருகிய பிறகு அழுதாள். தோல் இல்லையேல் அண்ணன் இல்லை. தோல் உரித்தால் இந்த உயிர் இல்லை. என்ன செய்வாள்?

கீரியை அழைத்துக்கொண்டு குடிலுக்குச் சென்றாள். அங்கே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. விலங்கின் உடம்பு நெருப்புக்கு அஞ்சும் அல்லவா? கீரி எட்டவே நின்றது. தும்பை தினைமாவைத் தேனில் பிசைந்து நீட்டினாள்.

அப்போது குடிலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பனியில் பதிந்த தும்பையின் அடிச்சுவடுகளைப் பின்பற்றி, கருவாயன் வந்து நின்றான்! தன் மந்திரத்துக்கு ஆளானவனைத் தானே கொன்றால், அந்த மந்திரம் தன்மேலேயே திரும்பும். ஆதலால் அவனுக்குப் பிறர் கை தேவைப்பட்டது.

"குழந்தாய்! கத்தி உன்னிடம், கீரி உன்னருகில். குத்திவிடு. நாளையே உன் அண்ணன் வீட்டில் சோறு உண்பான்."

"மாட்டேன்."

"நன்றாக எண்ணிப் பார், மகளே."

"எண்ணிவிட்டேன்; மாட்டேன்."

"இந்தக் குளிரில் நெருப்பில்லாமல் எவ்வளவு நேரம் எண்ணுவாய்?" என்ற கருவாயன், கன்னம் உப்ப 'ப்பூ' என்று ஊதினான். நெருப்பு அணைந்தது, கரியும் உறைந்தது. எங்கிருந்தோ பனிக்காற்று சீறி வந்து குடிலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தும்பையின் இமைகளில் பனி படிந்தது. விரல்கள் மரத்தன. எட்ட நின்ற கீரி ஓடிவந்து, அவளைச் சுற்றிப் படுத்துக் கதகதப்பு ஊட்டியது.

தும்பை மடியிலிருந்து கல்லை எடுத்தாள். மரத்த விரல்களால் ஓங்கித் தட்டினாள்.

எப்போதும்போலப் பஞ்சைத் தவிர எல்லா இடத்திலும் தீத்துளி விழுந்தது! பனியில் ஒன்று, அவள் பின்னலில் ஒன்று, கருவாயனின் தாடியில் ஒன்று, கீரியின் முன்காலில் ஒன்று. 'சுர்' என்றது. அந்த முன்காலின் வெள்ளைத் தோல் பூவிதழ்போல விரிந்து பிரிந்தது. உள்ளே ஐந்து விரல்கள்! ஒரு விரலில் முத்திரை மோதிரம்!

"நிறுத்து!" என்று அலறினான் கருவாயன். "பொறி படுகிறது! அவன்மேல் பொறி படுகிறது!"

"பொறியா? என் பொறிகள் காட்டுக்குள் அல்லவா இருக்கின்றன! இங்கே ஏது பொ..." தும்பை பாதியில் நிறுத்தினாள். தன் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். கருவாயன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். சொல் வெளியே வந்துவிட்ட பிறகு வாயைப் பொத்தி என்ன பயன்?

"ஐயோ!" என்று துள்ளியது கீரி. "'பொறியில் பட்டால்' என்று அவன் சொல்லவில்லை, 'பொறி பட்டால்' என்றுதான் சொன்னான். 'இல்' இல்லை! ஏழாம் வேற்றுமை இல்லை! என் ஆசிரியர் வேற்றுமை உருபு கற்பித்த நாளெல்லாம் உறங்கினேனே! ஓர் 'இல்' இல்லாததைக் கவனிக்காமல் இத்தனை குழிகளில் விழுந்தேனே!"

"இலக்கணம் பிறகு பேசலாம், கீரியாரே! வாலை இப்படி நீட்டுங்கள்!"

தட்டினாள் தும்பை. வால் மறைந்தது. கருவாயன் ஊதினான், ஒரு பொறி அணைந்தது, பத்துப் பொறி பிறந்தன. தட்டினாள். தோள் தெரிந்தது. கருவாயன் ஊதினான், பத்துப் பொறி அணைந்தன, நூறு பொறி பிறந்தன. இவ்வளவு காலமும் ஊரார் நகைத்த அந்தக் கை, அன்று மத்தாப்பு ஆயிற்று! மூன்றாம் முறை தட்டினாள். வெள்ளைத் தோல் மேலாடைபோல முழுதாகக் கழன்று விழுந்தது. அதற்குள்ளிருந்து, பசியால் மெலிந்த இளைஞன் ஒருவன் தும்மியபடி எழுந்து நின்றான்.

கருவாயன் ஓடினான். அவனுக்குக் காடும் தெரியாது. தும்பை பொறி வைத்த இடமும் தெரியாது. குழியைத் தாண்டிவிட்டோம் என்று மகிழ்ந்து காலை ஊன்றிய இடத்தில் இருந்தது சுருக்கு. சடார்! மூங்கில் நிமிர்ந்தது, மாயக்காரன் தலைகீழாகத் தொங்கினான். தப்புவதற்கு மந்திரம் சொன்னான். தலைகீழாகத் தொங்கியவன் வாயிலிருந்து மந்திரமும் தலைகீழாகவே வந்தது. கை சிறகாயிற்று, கால் கொக்கியாயிற்று, அங்கி கருஞ்சவ்வாயிற்று. கருவாயன் வௌவாலாகிப் பறந்தான். இன்றும் அவன் எங்கே தங்கினாலும் தலைகீழாகத்தான் தொங்குகிறான். வேண்டுமானால் அண்ணாந்து பாருங்கள்.

தும்பை வெள்ளைத் தோலைக் கொண்டுவந்து அரியணையில் விரித்தாள். அரசர் அதை வருடிப் பார்த்துவிட்டு, "தோல் வந்துவிட்டது. மகன் எங்கே?" என்றார்.

"வாயிலில் நிற்கிறேன், அப்பா. காவலர்கள் என்னை அடையாளம் தெரியாமல் உள்ளே விட மறுக்கிறார்கள்!" என்றது ஒரு குரல்.

அரசர் அரியணையிலிருந்து இறங்கி ஓடினார். முடி ஒருபுறம் உருண்டது, யாரும் அதை எடுக்கவில்லை. மகனைத் தழுவிய கையாலேயே அவர் சிறைக் கதவைத் திறந்தார். சாத்தனின் கைகளைப் பற்றிக்கொண்டு, "பிழை செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்" என்றார்.

"உனக்கு என்ன வேண்டும், தும்பை? பாதி நாடு கேட்டாலும் தருகிறேன்" என்றான் அந்துவன்.

"ஒரு புதிய கம்பளி போதும். பழையது சல்லடையாகிவிட்டது."

கம்பளியும் வந்தது, அதனுடன் தேனும் தினையும் மூன்று வண்டிகளில் வந்தன. வெள்ளைத் தோலைச் சாத்தனுக்கே போர்த்தி அனுப்பினான் அந்துவன். சிறையில் நடுங்கிய உடம்பல்லவா?

வீட்டு வாயிலில் சாத்தன் தங்கையைப் பார்த்தான். "தனியாகப் போனாய்" என்றான்.

"வெறுங்கையோடு திரும்பவில்லை" என்று முடித்தாள் தும்பை. "பசிக்கிறது, அண்ணா. அடுப்பை யார் பற்றவைப்பது?"

"இனி இந்த வீட்டில் என்றைக்கும் நீதான்!" என்றான் சாத்தன்.

தும்பை கல்லைத் தட்டினாள். பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடியது. அண்ணனும் தங்கையும் அந்த அடுப்பின் முன் நெடுங்காலம் குளிர் காய்ந்தார்கள்; கதை கேட்ட உங்கள் வீட்டு அடுப்பும் குளிராமல் இருக்கட்டும்.