முகூர்த்தத்துக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு

பாதிக் கதையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிற அவசரக்காரர்கள் இதைக் கேட்க வேண்டாம். செங்குளம் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் வடிவாம்பாளே இந்த வழக்கில் ஒரு பொழுது திணறினார் என்றால், நமக்கும் கொஞ்சம் நிதானம் தேவைதான்.

வடிவாம்பாள் பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய பெருமையைப் போட்டு உடைத்தார். 'தேர்வு எழுதியவர்களில் தொண்ணூறு சதவீதம் தேர்ச்சி' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள்.

"எழுதினவங்க கணக்கு இருக்கட்டும். சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் பரீட்சை வரைக்கும் வந்தாங்க?" என்று கேட்டார்.

சேர்ந்த பெண்களில் பாதிப் பேர்கூடப் பட்டமளிப்பு மேடையை எட்டுவதில்லை. காரணம் ஊரறிந்தது. கடைசி வருடத்தில் கல்யாணம் கூடிவிடும். 'அடுத்த வருஷம் எழுதிக்கலாம்' என்று ஆறுதல் சொல்வார்கள். அதோடு படிப்பு முடிந்தது. வடிவாம்பாளுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். பலகையைக் கழற்றச் சொன்னார். ஒரு மாணவியின் படிப்பு பாதியில் நிற்காமல் காப்பாற்றுகிறவருக்குப் பட்டமளிப்பு விழாவிலேயே கேடயம் தருவதாக அறிவித்தார்.

அந்த வருடமே மூன்று பேர் உரிமை கொண்டாடி வந்தார்கள். மூவரும் காப்பாற்றியதாகச் சொன்னது ஒரே பெண்ணை, வேதியியல் முதுகலை மாணவி முத்துப்பேச்சியை.

பேச்சிக்குப் பம்பாயில் வேலை பார்க்கும் சுந்தரவேலைப் பேசி முடித்திருந்தார்கள். ஜோசியர் மாசியில் ஒரு முகூர்த்தமும் வைகாசியில் ஒன்றும் குறித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. வைகாசி முகூர்த்தம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் பேச்சிக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. அதைத் தவறவிட்டால் பட்டம் இல்லை.

"மாசியில வச்சா பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கேம்மா," என்று அப்பா செல்லையா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பேச்சி வைகாசிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வகுப்பே தலையில் அடித்துக்கொண்டது. ஊர்க் கோயிலில் நடக்கவிருந்த கல்யாணத்தையும், சிநேகிதிகளுக்கு வசதி என்று சொல்லிப் பல்கலைக்கழக வாசலுக்கு எதிர் மண்டபத்துக்கு மாற்றிவிட்டாள்.

பதிவாளர் அறையில் முதலில் பேசியவர் துறைத்தலைவர் கோமதிநாயகம்.

"பந்தியில சம்பந்தியம்மா, 'தாலி ஏறின மறுநாளே பொண்ணு வாசல் தாண்டுறதா?'ன்னு கேட்டாங்க மேடம். செல்லையா தலையைக் குனிஞ்சிட்டார். நான்தான் இலையில உக்காந்தபடியே, 'நாளைக்குப் பொண்ணைப் பரீட்சைக்கு அனுப்பி வைக்கணும்'னு கேட்டேன். சபையில கேட்டப்புறம் பெத்தவர் மறுப்பாரா? சரின்னுட்டார்."

கோமதிநாயகம் சாதாரணமாகத் தாம்பூலப் பை கைக்கு வந்ததும் நழுவிவிடுகிற ஆசாமி. இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் பேச்சி வீடு தேடி வந்து, கடைசிப் பந்தி வரைக்கும் இருக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிப் போயிருந்தாளாம்.

விடுதிக் காப்பாளர் ரோஸ்லின் விடவில்லை. "அப்பா சரின்னா போதுமா? மாமியார் எந்திரிச்சா விட்டிருப்பாங்களா? அதுக்கு முன்னாடியே ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்து லேப்ல விட்டது நான். மண்டபத்துலயே துணைக்கு இருங்க மேடம்னு அவ கேட்டுக்கிட்டா, இருந்தேன்."

கிளம்புகிற அவசரத்தில் லேப் கோட் எடுக்க விடுதிக்கு ஓடப் பார்த்தாராம் ரோஸ்லின். "வேண்டாம்" என்று தடுத்த பேச்சி, சீர்ப்பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து இஸ்திரி போட்ட கோட்டை உருவினாளாம்.

மூன்றாவதாகச் சுந்தரவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்கம்மா எந்திரிச்சு, இப்பவே போய் அவளைக் கூட்டிட்டு வான்னு ஒரே சத்தம். 'பம்பாய் ரயில் சாயந்திரம்தானே, அதுக்குள்ள வந்துருவா'ன்னு நான்தான் தடுத்தேன். நான் போய் நின்னிருந்தா அவ பாதியில எந்திரிச்சு வந்திருக்கணும்."

அந்த ரயிலுக்கும் ஒரு கதை உண்டு. காலை ரயில் வேண்டாம், தன் அம்மாவுக்குச் சாமான் கட்ட நேரம் வேண்டும் என்று முகூர்த்தம் முடிவான அன்றே பேச்சி அவரிடம் சொல்லி வைத்திருந்தாளாம்.

மருதாணிக் கையோடு பேச்சி தேர்வை முடித்தாள். நல்ல மதிப்பெண். சாயந்திர ரயிலும் தவறவில்லை. இப்போது பட்டம் வாங்க வந்தவள், அறை வாசலில் நின்று மூவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கோரவில்லை.

வடிவாம்பாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒருவர் விலகியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். பிறகு அவர் வாசல் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? கேடயத்தை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்?

விடை: "மாசியில ஏம்மா வைக்கல?" என்பதுதான் கேள்வி. "மாசியில வச்சிருந்தா பரீட்சையப்போ நான் பம்பாயில இருப்பேன் மேடம். அங்கேயிருந்து யாரு அனுப்புவாங்க? கல்யாணத்துக்கு மறுநாள்னா எனக்காகப் பேசுறவங்க எல்லாரும் ஒரே மண்டபத்துல இருப்பாங்க," என்றாள் பேச்சி. மூவரும் உதவியது உண்மை. ஆனால் மூவரையும் உரிய இடத்தில், உரிய நேரத்தில் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். கேடயம் முத்துப்பேச்சிக்கே போனது. மேடையில் அவள் அதை வாங்கியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் சுந்தரவேல். சாயந்திர ரயில் எதற்கென்று அவருக்கு அன்றுதான் புரிந்திருந்தது.