இன்ஜின் சொன்ன சகுனம்

வாழைத்தோப்பூரில் கார் என்று ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் சிங்காரம் ஒருவர்தான். நிறுத்தத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், வண்டி சுவரையோ வைக்கோற்போரையோ கண்டால் தானாக நின்றுகொள்ளும். ஊரின் அறிவைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் பெருமையடிப்பது போலாகிவிடும்.

சிங்காரத்தின் அக்கா மகன் மாசிலாமணி. நாற்பதை நெருங்கும் வேளையில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தாள். பெயர் செந்தாமரை. டவுனில் தையற்கடை வைத்திருந்தாள். கண்பார்வையில் குறையொன்றும் இல்லை, ஆனாலும் சம்மதித்தாள். அவளுடைய அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "முகூர்த்தம் பத்தரை வரைக்கும்தான். அதுக்குள்ள தாலி ஏறலைன்னா, பந்தியில சாப்பிட்டுட்டு ஊர் போய்ச் சேருங்க."

கல்யாணத்தன்று காலையில் மூன்று பேர் கிளம்பினார்கள். ஸ்டீயரிங்கில் சிங்காரம். பக்கத்தில் பட்டு வேட்டியில் மாசிலாமணி. பின்சீட்டில் அவன் அக்கா புருஷன் கோதண்டம். மடியில் நலங்குக்கென்று ஒரு டின் நல்லெண்ணெய்.

பாதி வழியில் இன்ஜினுக்குள் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. நல்லவேளையாக ஒரு புளியமரம் எதிர்ப்பட்டது. வண்டி நின்றது; இன்ஜின் நிற்கவில்லை.

கோதண்டம் டவுன் மெக்கானிக் அந்தோணிக்குப் போன் போட்டான். வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த அந்தோணி அங்கிருந்தே சொன்னான்: "பானெட்டைத் தூக்கிட்டு, இன்ஜின்கிட்டப் போயி என்ன சத்தம்னு நல்லாக் கேளுங்க."

மூவரும் பானெட்டைத் தூக்கிவிட்டு வரிசையாக நின்றார்கள்.

"என்ன சத்தம்?" என்று அதட்டினார் சிங்காரம்.

"டிக்."

"அதட்டினா எப்படிச் சொல்லும் மாமா? கல்யாண வண்டி. மரியாதையாக் கேளுங்க," என்றான் மாசிலாமணி.

"என்ன சத்தமுங்க?"

"டிக்."

கோதண்டம் யோசித்தான். யோசித்தால் அவனுக்குத் தலைவலி வரும் என்பதால் அடிக்கடி அதைச் செய்வதில்லை. "மாப்ளே, இது பல்லி. உள்ள உக்காந்து சகுனம் சொல்லுது."

மாசிலாமணி பானெட்டுக்குள் குனிந்தான். இதுவரை தட்டிப்போன சம்பந்தங்களெல்லாம் கண்முன் வந்து போயின. "இந்தக் கல்யாணமாவது நடக்குமா?"

"டிக்."

"பல்லி சொல்லிருச்சு!" மூவரும் வழக்கப்படி விரலால் தட்டினார்கள். தட்டியது கொதிக்கிற இன்ஜினில். விரலை வாயில் வைத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள்.

"அவ மனசு மாறிருவாளா?" என்றான் மாசிலாமணி.

"டிக்."

மூவர் முகமும் வெளுத்தது. சிங்காரம்தான் முதலில் தெளிந்தார். "கேள்விய நீ தப்பாக் கேட்டுட்டடா. மாத்திக் கேளு."

"மாற மாட்டாள்ல?"

"டிக்."

எதைக் கேட்டாலும் ஆமாம் போடும் ஒன்றை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மற்ற ஊர்க்காரர்கள் இத்தகையவர்களை மாலை போட்டு மேடையில் உட்கார வைப்பார்கள். இவர்கள் பானெட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

அந்தோணியே திரும்பக் கூப்பிட்டான். "இன்ஜின் என்னங்க சொல்லுது?"

"கல்யாணம் நடக்கும்னு சொல்லுது."

அந்தோணிக்கு இந்த ஊரைத் தெரியும். மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. "ஆயில் குறைஞ்சிருக்கும். சத்தம் வர்ற எடத்துக்கு மேல ஒரு மூடி இருக்கும் பாருங்க. அதைத் தொறந்து ஆயிலை ஊத்துனா சத்தம் அடங்கிரும். அப்புறம் மெதுவா உருட்டிக்கிட்டு வந்துருங்க."

கோதண்டம் டின்னைத் தூக்கினான். மாசிலாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஊத்தாதீங்க மச்சான்! வாயடைச்சுப் போச்சுன்னா, தாலி கட்டுறப்ப யாரைக் கேக்கறது?"

"நியாயம்தான்," என்றார் சிங்காரம். "அப்ப உருட்டுவோம்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மூவரும் பின்னால் நின்று காரை உருட்டினார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி புழுதி நிறமானது. கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டிய நாதஸ்வரக்காரர் சைக்கிளில் அவர்களைக் கடந்தார். "வண்டி ரிப்பேருங்களா?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது. நாங்கதான் தள்ளுறோம்," என்றார் சிங்காரம்.

மண்டப வாசலில் வாழைமரத்தை இடித்து நின்ற கார், கடைசியாக ஒரு 'டிக்' சொல்லிவிட்டு ஓய்ந்தது.

மாசிலாமணியை இழுத்துப்போய் மணையில் உட்கார வைத்தார்கள். பத்தரைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. தாலியைக் கையில் கொடுத்தார்கள். அவன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கட்டலாமா?"

வாசலிலிருந்து பதில் இல்லை. தவில்காரரின் கோல் மேலே தூக்கியபடியே நின்றது.

"கட்டுப்பா, நேரம் போறது," என்றார் ஐயர்.

"இன்னும் சகுனம் சொல்லலையே சாமி. கட்டலாமா?"

பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இலை போட்டாச்சு. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"கட்டலாமா?" என்றான் மாசிலாமணி மூன்றாம் முறையாக. இப்போது அது அழுகைதான்.

தானே தைத்த ரவிக்கையில், விடியற்காலையிலிருந்து ஓமப்புகையைக் குடித்துக்கொண்டிருந்த செந்தாமரை தலையை நிமிர்த்தினாள். அந்தப் புழுதி வேட்டியையும், சுட்டுக்கொண்ட விரலையும், கையிலேயே தொங்கிக்கொண்டிருந்த தாலியையும் பார்த்தாள். தன் மிச்ச ஆயுளை ஒரே மூச்சில் வாழ்ந்து பார்த்துவிட்டவள் போல, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள்.

"ட்ச்."

"சொல்லிருச்சு!" என்று கூவினான் மாசிலாமணி. மூன்று முடிச்சும் விழுந்தன. மேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. பெண்ணின் அப்பா வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

மேளம் ஓய்வதற்குள் சிங்காரம் எண்ணெய் டின்னோடு மணமேடை ஏறிவிட்டார். செந்தாமரையின் பின்னால் நின்று, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?" என்றான் மாசிலாமணி.

"சத்தம் இப்ப இங்கேருந்துதானே வருது? மூடியைத்தான் காணோம்."

செந்தாமரை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "ட்ச்."

"சீக்கிரம் ஊத்துங்க மாமா," என்று கீழேயிருந்து கத்தினான் கோதண்டம். "சூடாக ஆரம்பிச்சிருச்சு!"